வளாகத்துக்குள் வந்த உச்சநிலை மாநாடு

(மாணவர்களும் போராட்டமும் என்ற பொருளில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு கருத்தை அழுத்தமாகச் சொன்னார். மாணவனின் வேலை படிப்பது, ஊர்வலம் போவது அல்ல, அட்டை பிடிப்பது அல்ல, அதற்கெல்லாம் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றார். அரங்கில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்தவன் நான். பல்கலைக்கழகத்துக்குப் புறப்படும் ஒவ்வொரு பிள்ளையிடமும் இதைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். "போனோமா, படிச்சோமா, பட்டத்தோட வந்தோமான்னு இருக்கணும்" என்று. ஆனால், இன்று அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கதை. நம் நாட்டுக் கதை அல்ல. கனடாவில் நடந்தது.

1997ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டின் நடுப்பகுதியில் ஓர் அமெரிக்க டாலருக்கு இரண்டரை வெள்ளி கொடுத்துக்கொண்டிருந்தோம். ஜூலை 2ஆம் தேதி தாய்லாந்து தன் பாட் நாணயத்தை மிதக்கவிட்டது. அடுத்து நம் வெள்ளி, இந்தோனேசியாவின் ரூப்பியா, கொரியாவின் வோன் என்று சீட்டுக்கட்டு வீடு போலச் சரிந்தன. 1998 ஜனவரியில் டாலருக்கு நாலரை வெள்ளிக்கு மேல் போய்விட்டது. வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்த பெற்றோர் அந்த மாதங்களை மறந்திருக்க மாட்டார்கள். வீட்டை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும். பிள்ளையைப் பாதியில் திருப்பி அழைத்துக்கொண்டவர்களையும் தெரியும்.

அந்த நெருக்கடியின் நடுவில்தான், 1997 நவம்பரில், ஏபெக் எனப்படும் ஆசிய பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் உச்சநிலை மாநாடு கனடாவின் வான்கூவர் நகரில் கூடியது. 1989இல் தொடங்கிய அமைப்பு அது. தலைமைச் செயலகம் சிங்கப்பூரில்தான் இருக்கிறது. தலைவர்கள் நேரில் கூடிப் பேசும் வழக்கம் 1993இல் சியாட்டிலில் ஆரம்பித்தது. அதற்கு நம் பிரதமராக இருந்த டாக்டர் மகாதீர் போகவில்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். 1994இல் இந்தோனேசியாவின் போகோரில் கூடி, வளர்ந்த நாடுகள் 2010க்குள்ளும் வளரும் நாடுகள் 2020க்குள்ளும் தடையற்ற வணிகத்தை எட்டவேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 1997இல் 18 பொருளாதாரங்கள் உறுப்பியம் பெற்றிருந்தன. "நாடுகள்" என்று நான் சொல்லவில்லை, கவனித்தீர்களா? ஏபெக்கில் நாடு என்ற சொல் கிடையாது. பொருளாதாரம் என்றுதான் சொல்வார்கள். ஹாங்காங்கையும் தைவானையும் சீனாவோடு ஒரே மேசையில் உட்கார வைக்க அந்தச் சொல் உதவியது. ஆனால், ஒரு தலைவர் தன் மக்களை எப்படி நடத்துகிறார் என்று கேட்காமல் இருப்பதற்கும் அதே சொல் வசதியாகப் போயிற்று. பொருளாதாரத்திடம் போய் மனித உரிமையைப் பற்றி யார் கேட்பது?

நவம்பர் 25ஆம் தேதி தலைவர்கள் சந்திப்பை எங்கே வைத்தார்கள் தெரியுமா? பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக வளாகத்தில். கடலைப் பார்த்த மேட்டில், பூர்வகுடி மக்களின் செதுக்குக் கம்பங்கள் நிற்கும் மானுடவியல் அருங்காட்சியகத்தில். முஸ்குவிம் என்ற பூர்வகுடியினரின் பாரம்பரிய நிலம் அது. பார்க்க மிக அழகான இடம். படம் எடுத்தால் நன்றாக இருக்கும். தலைவர்கள் எல்லாரும் ஒரே மாதிரித் தோல் மேலங்கி அணிந்து படம் எடுத்துக்கொண்டார்கள். மறு ஆண்டு கோலாலம்பூருக்கு வந்தபோது அவர்களுக்கு நாம் பாத்தேக் சட்டை போட்டுவிட்டோம்.

ஆனால், பல்கலைக்கழகம் ஹோட்டல் அல்லவே. அங்கே மாணவர்கள் குடியிருக்கிறார்கள். வகுப்புக்குப் போகிறார்கள். நம்மைக் கேட்காமல் நம் வீட்டுக்குள் விருந்தாளியை அழைத்து வந்துவிட்டு, நம்மையே ஓரமாக நில் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் அந்த மாணவர்களின் முதல் கோபம்.

இரண்டாவது கோபத்துக்குப் பெயர் சுகார்த்தோ.

இந்தோனேசியப் படைகள் 1975இல் கிழக்குத் திமோரில் புகுந்தன. 1991 நவம்பர் 12ஆம் தேதி அதன் தலைநகர் டிலியில், சாந்தா குரூஸ் இடுகாட்டுக்கு ஊர்வலமாகப் போனவர்கள்மீது ராணுவம் சுட்டது. அதில் பெரும்பாலோர் இளைஞர்கள். அந்தக் காட்சியை வெளிநாட்டுச் செய்தியாளர்கள் படம் பிடித்து வெளியே கொண்டுவந்ததால் உலகம் பார்த்தது. 1996இல் நோபெல் அமைதிப் பரிசு திமோரின் ஆயர் பெலோவுக்கும் ராமோஸ் ஹோர்த்தாவுக்கும் கொடுக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு சுகார்த்தோ வான்கூவருக்கு வருகிறார். நம் வளாகத்துக்குள் இவரா என்று மாணவர்கள் கேட்டார்கள். தங்கள் ஊர் ராணுவம் செய்ததை அல்ல, எங்கோ இருக்கும் ஒரு தீவில் நடந்ததைக் கேட்டார்கள். இளமையில்தான் அது முடியும் போலிருக்கிறது.

இந்தோனேசியத் தரப்பிலோ வேறு கவலை. அதிபருக்குச் சங்கடம் வரக்கூடாது, அவர் கண்ணில் ஆர்ப்பாட்டம் படக்கூடாது. வராமல் போய்விடுவாரோ என்று கனடிய அரசு பதறியது. அவரைச் சமாதானப்படுத்தி வரவழைத்தது. பின்னாளில் வெளிவந்த ஆவணங்களில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சில மாணவர்கள் அருங்காட்சியகத்துக்கு வெளியே புல்தரையில் கூடாரம் போட்டார்கள். நவம்பர் 22ஆம் தேதி இரவு அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். பட்டதாரி மாணவர் மன்றக் கட்டடத்தின்மேல் திபெத்தின் கொடி பறந்தது. அதைப் போலீசார் இறக்கிவிட்டார்கள். 24ஆம் தேதி, மாநாட்டுக்கு முதல் நாள், ஜக்கி சிங் என்ற இந்திய வம்சாவளிச் செயற்பாட்டாளரைச் சாதாரண உடையில் வந்த போலீசார் வளாகத்திலேயே மடக்கி, தரையில் தள்ளி, விலங்கிட்டு, அடையாளம் இல்லாத காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். குற்றச்சாட்டு என்ன? முன்னொரு நாள் காவலாளியின் காதருகே ஒலிபெருக்கியில் சத்தமாகப் பேசித் தாக்கினார் என்பது. ஒலிபெருக்கியில் பேசுவது தாக்குதல் என்றால் நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் பாதிப்பேர் உள்ளே இருக்கவேண்டும். அந்த வழக்கு 1999இல் கைவிடப்பட்டது. ஆனால், மாநாட்டு நாளில் அவர் கூட்டத்தில் இல்லை. வேண்டியது அதுதானே.

மறுநாள் காலையில் ஒரு சட்ட மாணவர் தான் தங்கியிருந்த கல்லூரி விடுதியின் வாசலில், தலைவர்களின் கார்கள் போகும் சாலையோரமாக, காகிதத்தில் எழுதி மாட்டிவைத்தார். பேச்சுரிமை, ஜனநாயகம், மனித உரிமை. இவ்வளவுதான் எழுதியிருந்தது. வசை இல்லை, யார் பெயரும் இல்லை. அவரைப் பிடித்துக்கொண்டு போய் 14 மணி நேரம் அடைத்து வைத்தார்கள். ஜனநாயக நாடு என்று உலகம் முழுவதும் பெயர் வாங்கிய கனடாவில், ஜனநாயகம் என்ற சொல்லை எழுதியதற்காக! பேச்சுச் சுதந்திரத்துக்கும் அமைதியாகக் கூடுவதற்கும் உத்தரவாதம் தரும் உரிமைச் சாசனத்தை அந்த நாடு 1982இல்தான் அரசியல் சட்டத்தில் சேர்த்திருந்தது. சட்ட மாணவர் அதைப் பாடமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் பெரிய கூட்டம் பாதுகாப்பு வேலியை நோக்கிப் போனது. வேலியின் ஒரு பகுதி சாய்ந்தது. போலீசார் மிளகுத் திரவத்தைப் பீய்ச்சினார்கள். இந்த இடத்தில் நண்பரோடு நான் கொஞ்சம் உடன்படுகிறேன். வேலியைச் சாய்க்க வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு போலீசார் சும்மா நிற்க முடியாது. அன்று உள்ளே இருந்தவர்களில் அமெரிக்க அதிபர், சீன அதிபர் உட்பட எத்தனையோ பேர் உண்டு. ஒருவருக்கு ஒன்று நேர்ந்திருந்தால் கதையே வேறு. ஆனால், அதற்குப் பிறகு நடந்ததுதான் உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் ஓடியது. கார்கள் வெளியேறும் சாலை ஒன்றில் மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் அதிகாரி வந்தார், விலகச் சொன்னார், எழுந்து போக அவர்களுக்குச் சில விநாடிகளே கிடைத்தன. பெரிய உருளையிலிருந்து, தீ அணைப்பது போல, முகங்களைப் பார்த்து மிளகுத் திரவம் பாய்ந்தது. படம் பிடித்துக்கொண்டிருந்த தொலைக்காட்சி ஒளிப்பதிவாளரின் மேலும் பட்டது. கேமரா கண்ணாடியில் அது வழிவதை நாமே பார்க்கலாம். அந்த அதிகாரிக்குப் பத்திரிகைகள் "சார்ஜன்ட் பெப்பர்" என்று பெயர் வைத்துவிட்டன.

அன்று மாலை செய்தியாளர் கூட்டத்தில் பிரதமர் ஜான் கிரெத்தியேனிடம் மிளகைப் பற்றிக் கேட்டார்கள். எனக்கு மிளகு என்றால் சாப்பாட்டுத் தட்டில் போட்டுக்கொள்வது என்று நகைச்சுவையாகப் பதில் சொன்னார். சிலர் சிரித்தார்கள். கண் எரிந்துகொண்டிருந்த பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு வாக்கியம் அவரை ஆண்டுக்கணக்கில் துரத்தியது. பதவியில் இருப்பவர்கள் எதையும் சொல்லலாம், பிள்ளைகள் பட்ட அடியைக் கேலி செய்யக்கூடாது.

நேயர்களே, இந்தக் கதை இதோடு முடிந்திருந்தால் நான் இங்கே சொல்லியிருக்க மாட்டேன். அடி வாங்கிய மாணவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. இவர்கள் அடுத்துச் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போலீஸ் மீதான பொதுமக்கள் புகாரை விசாரிக்கும் ஆணையம் அங்கே உண்டு. சுமார் 50 பேர் அதனிடம் எழுதிக் கொடுத்தார்கள். கல்லெறியவில்லை. மனுப் போட்டார்கள். 1998இல் விசாரணைக் குழு அமர்ந்தது. போலீசுக்கு அரசு செலவில் வழக்கறிஞர்கள். அரசுக்கும் அப்படியே. மாணவர்களுக்கு யாரும் இல்லை. கூட்டரசு அமைச்சு பணம் தர மறுத்தது. மறு ஆண்டுதான் மனம் மாறியது.

இடையில் ஒரு வேடிக்கை. போலீசுக்குப் பொறுப்பான அமைச்சர் ஆண்டி ஸ்காட் விமானத்தில் போகும்போது, இந்த விவகாரத்தில் குறிப்பிட்ட ஓர் அதிகாரிதான் பழியைச் சுமக்க வேண்டியிருக்கும் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசிக்கொண்டு போனார். அருகில் உட்கார்ந்திருந்தவர் எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்! அவர் கேட்டதைக் குறித்துக்கொண்டு போய் நாடாளுமன்றத்தில் போட்டு உடைத்தார். 1998 நவம்பரில் அமைச்சர் பதவி விலகினார். பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். அடுத்த மாதமே விசாரணைக் குழுவின் தலைவரும், பாரபட்சமானவர் என்ற புகாரால் விலகிப்போனார். எல்லாம் மறுபடி முதலிலிருந்து. ஓய்வுபெற்ற நீதிபதி டெட் ஹியூஸ் தனி ஆளாக விசாரணையை ஏற்றார். சுமார் 150 பேர் சாட்சி சொன்னார்கள். பிரதமருக்கும் வரலாமே என்று அழைப்புப் போனது. அவர் வரவில்லை.

2001 ஜூலை மாதம் தேதியிட்ட அறிக்கை ஆகஸ்டில் வெளியானது. போலீசாரின் நடத்தை எதிர்பார்க்கப்படும் தரத்தில் இல்லை, மாணவர்களின் சாசன உரிமைகள் மீறப்பட்டன என்று நீதிபதி எழுதினார். அந்தச் சட்ட மாணவரைக் கைது செய்ததும், கொடியை இறக்கியதும் தவறு. கைதான பெண்களின் ஆடையைக் களைந்து சோதித்ததும் தவறு. கூடாரக்காரர்களை அகற்றியதில் பிரதமர் அலுவலகத்து ஆட்களின் முறையற்ற தலையீடு இருந்தது. இன்னொன்றும் சொன்னார். கைதானவர்களை விடுவிக்கும்போது, இனி ஏபெக் எதிர்ப்புக் கூட்டத்தில் கலந்துகொள்ள மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள் அல்லவா, அதுவும் தவறு என்றார்.

அந்த வரியைப் படித்தபோதுதான் நான் புத்தகத்தை மூடிவைத்தேன். ஏனென்றால், அப்படி ஒரு தாளில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் தோட்டத்திலிருந்து போனவன். லயத்து வீட்டில் வளர்ந்தவன். தோட்டங்களில் மாதச் சம்பளம் வேண்டும் என்று அப்போது பேச்சு நடந்துகொண்டிருந்தது. மழை பெய்தால் பால் மரம் வெட்ட முடியாது, வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை. இதைப் பற்றி மற்ற மாணவர்களுக்குத் தெரியட்டுமே என்று நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து நூலகத்துக்கு வெளியே அட்டைகளுடன் நின்றோம். அரை மணி நேரம்கூட இருக்காது. மறுநாள் அழைப்பு வந்தது. இனி எந்தக் கூட்டத்திலும் கலந்துகொள்ள மாட்டேன் என்று தட்டச்சு செய்த தாள் மேசைமேல் இருந்தது. உபகாரச் சம்பளத்தில் படிப்பவன் நான். அப்பா ரப்பர் பால் தூக்கிய தோள். நான் இரண்டாவது வரியைக்கூடப் படிக்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டேன். எட்டுப் பேர் போட்டோம். இரண்டு பேர் போடவில்லை. அதில் ஒருவருக்கு ஒரு பருவம் படிப்பு நிறுத்தப்பட்டது. அவரும் தோட்டத்துப் பிள்ளைதான், என்னைவிட ஏழை.

அன்று நம் நாட்டில் சட்டம் அப்படி இருந்தது. 1974இல் பாலிங்கில் ரப்பர் விலை விழுந்து சிறுதோட்டக்காரர்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று கோலாலம்பூரில் மாணவர்கள் திரண்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். அடுத்த ஆண்டே பல்கலைக்கழகச் சட்டம் திருத்தப்பட்டு இறுக்கப்பட்டது. அப்போது உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிபட்ட இளைஞர் தலைவர்களில் ஒருவரான அன்வார் இப்ராகிம் 2022 நவம்பரில் பிரதமரானார் என்பது வேறு செய்தி. சட்டமும் மெல்ல மாறியது. இடைத்தேர்தல் பிரசாரத்துக்குப் போனதற்காக நடவடிக்கைக்கு ஆளான நான்கு மாணவர்கள் வழக்குத் தொடுத்து, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2012இல் அரசியல் கட்சியில் சேரலாம் என்றார்கள். 2019இல் வளாகத்துக்குள்ளும் அரசியல் பேசலாம் என்றார்கள். இதில் ஒன்றுக்கும் நான் விரலைக்கூட அசைக்கவில்லை. போராடி வழக்குப் போட்டது வேறு வீட்டுப் பிள்ளைகள்.

நண்பர் கேட்பார், அந்த வான்கூவர் மாணவர்கள் கத்தியதால் திமோருக்கு விடுதலை வந்ததா என்று. வரவில்லை. சுகார்த்தோ அன்று விருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். ஆறு மாதம்கூட ஆகவில்லை, 1998 மே 21ஆம் தேதி பதவி விலகினார். அவரை இறக்கியது ஜகார்த்தாவின் மாணவர்களும், வான்கூவரில் கூடிய தலைவர்கள் சாலையில் சிறு தடங்கல் என்பதுபோல் பேசிய அதே பொருளாதார நெருக்கடியும். திமோர் 2002 மே 20ஆம் தேதி சுதந்திர நாடானது. அதற்குத் திமோர் மக்கள் கொடுத்த விலை மிகப் பெரிது. அதில் கனடா மாணவர்களுக்குப் பங்கு கேட்க நான் வரவில்லை. அவர்களும் கேட்கவில்லை. தங்கள் வாசலில் நடந்ததற்குத் தாங்கள் சாட்சி சொன்னார்கள். அவ்வளவுதான்.

படிப்பு கெட்டுவிடும் என்ற பயம் நம் பெற்றோருக்கு நியாயமானது. அதை நான் இளக்காரமாகப் பேசமாட்டேன். ஒரு தலைமுறைக்கு ஒரே ஒரு பிள்ளை மேலே ஏறி வரும் வீட்டில், அந்த ஏணியை அசைக்காதே என்றுதான் சொல்வார்கள். என் அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அவருக்கு நான் நின்றதும் தெரியாது, கையெழுத்துப் போட்டதும் தெரியாது.

கையெழுத்துப் போடாத அந்த நண்பரைப் போன ஆண்டு ஒரு திருமண வீட்டில் பார்த்தேன். ஒரு பருவம் பின்தங்கினாலும் பட்டம் வாங்கி, நல்லபடியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டே அந்தத் தாளைப் பற்றி நானே பேச்செடுத்தேன். "அதையெல்லாம் இன்னுமா ஞாபகம் வெச்சிருக்கே?" என்று கேட்டுவிட்டு, எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.

இப்போது, ஆரம்பத்தில் சொன்ன தயக்கத்துக்கு வருகிறேன். என் கடைக்குட்டி மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் ஓர் இரவு அழைத்தாள். விடுதிக் கட்டணம் பற்றி மறுநாள் மாணவர்கள் சிலர் மனுக் கொடுக்கப் போகிறார்களாம், அட்டை பிடித்து நிற்பார்களாம். "அப்பா, நானும் போகட்டுமா?" என்றாள். போனோமா, படிச்சோமா என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அட்டையில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேட்டேன். சொன்னாள். மனுவைப் படித்துக் காட்டச் சொன்னேன். படித்தாள். இரண்டு இடத்தில் தொகை தவறாக இருந்தது, திருத்தச் சொன்னேன். வேலியையோ கதவையோ தொடாதே, யாராவது தாளை நீட்டினால் முழுதும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, உடனே எனக்குக் கூப்பிடு என்றேன். அவள் அம்மா பக்கத்தில் இருந்து முறைத்துக்கொண்டிருந்தாள். அன்றிரவு நான் தூங்கவில்லை.

நேரம் முடிந்துவிட்டது என்று நெறியாளர் சைகை காட்டுகிறார்.